பகு, பிரி, வகு: எதை எங்கே எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், நண்பர்கள் எழுதுவதைத் திருத்தியும் கொடுக்கிறேன். ஒன்றைப் பல பாகங்களாக ஆக்குவதைச் சொல்லும் சொற்கள் பற்றி இவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

பகு என்றால் என்ன? யாரும் பேச்சில் சொல்வதே இல்லையே?

உண்மைதான். "பகுத்துக் கொடும்மா" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை; "பங்கு போடு", "பிரிச்சுக் குடு" என்றுதான் சொல்கிறோம். ஆனால் பகு செத்துப்போன சொல் இல்லை, அதன் பிள்ளைகள் தினமும் நம் வாயில் இருக்கின்றன. எங்கள் பகுதியில் தண்ணீர் வரவில்லை என்கிறோம், பகுதிநேர ரேஷன் கடை என்கிறோம், பகுப்பாய்வு, பகுத்தறிவு, பகா எண் என்கிறோம். படத்தைப் பகிர்ந்தேன் என்கிற பகிர் கூட இதன் உறவுதான். ஒரு முழுப்பொருளை அதன் பாகங்களாக ஆக்குவது, அப்படி ஆனதை ஆளுக்குக் கொடுப்பது, இரண்டும் பகு என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இந்த இரண்டாவது பொருள்தான் காரணம்.

அப்படியானால் பகு, பிரி, வகு மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பிரி என்பது சேர்ந்திருப்பவற்றை விலக்குவது. பகு என்பது ஒன்றாக இருப்பதையே பாகங்களாக ஆக்குவது. வகு என்பது ஒரு அளவோ ஒரு கோடோ ஒரு முறையோ வைத்துக்கொண்டு பங்கிடுவது.

பள்ளி அறிவியல் புத்தகத்தில் இந்த வேறுபாடு அழகாகத் தங்கியிருக்கிறது. உப்பும் மணலும் கலந்து கிடந்தால் அது கலவை, அதைப் "பிரிக்கிறோம்". பாடத்தின் பெயரே கலவைகளைப் பிரித்தல். ஏனென்றால் உப்பு உப்பாகவும் மணல் மணலாகவும் முன்பே இருந்தன, சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தண்ணீர் அப்படி இல்லை. தண்ணீருக்குள் ஹைட்ரஜன் தனியாக, ஆக்ஸிஜன் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, அது ஒரே சேர்மம். மின்சாரத்தைச் செலுத்தி அதை உடைத்தால் ஹைட்ரஜன் இரண்டு பங்கும் ஆக்ஸிஜன் ஒரு பங்கும் கன அளவில் கிடைக்கின்றன. அதற்குப் பெயர் மின்னாற்பகுப்பு. மின்னாற்பிரிப்பு என்று பெயர் வைக்கவில்லை பாருங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது பலாப்பழக் கதை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில் பழம் அறுக்கும் நாளில் திண்ணையில் சாக்கு விரித்து, கத்தியிலும் இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் பெரியம்மா உட்காருவார், இல்லாவிட்டால் பிசின் பிடித்துக்கொண்டு இரண்டு நாளைக்கு விடாது. முதலில் பழத்தை நெடுக்காக வகுந்து பிளப்பார். நடுத்தண்டை அரிந்து எறிவார். அப்புறம் சக்கையிலிருந்து சுளையைப் பிரித்தெடுப்பார், சுளையைக் கீறிக் கொட்டையை நீக்குவார், சரியாக வராத சுளையைப் பிய்த்து எடுப்பார். எல்லாம் முடிந்து தாம்பாளத்தில் குவிந்ததும் வீட்டில் இருப்பவர்களை எண்ணி, வயலுக்குப் போனவருக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று கிண்ணம் கிண்ணமாக வைப்பாரே, அதுதான் பகுத்தல். கத்தி வைத்தது முதல் கிண்ணம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது, எதை எடுத்து எங்கே போட்டாலும் கொஞ்சம் இடறும்.

ஆனால் செய்தியில் மாவட்டத்தைப் "பிரித்தார்கள்" என்றுதானே வருகிறது? ஒரே மாவட்டம்தானே அது?

நல்ல கேள்வி. 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றானபோது எல்லாச் செய்தியிலும் பிரிக்கப்பட்டது என்றே வந்தது, பகுக்கப்பட்டது என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் காதுக்கு ஒட்டியிருக்காது. அன்றாட வழக்கில் பகு இருந்த இடத்தையெல்லாம் பிரி எடுத்துக்கொண்டுவிட்டது. நான் மேலே சொன்ன வேறுபாடு சொற்களின் இயல்பு. வழக்கு அதைத் தாண்டிப் போகும் இடங்களில் வழக்கோடு போவதே சரி. இலக்கணம், கணக்கு, அறிவியல், ஆய்வு என்று வரும்போது மட்டும் கவனமாக இருங்கள்.

"இரண்டாகப் பிரி", "இரண்டால் வகு" இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பத்தை இரண்டாகப் பிரி என்றால் மூன்றும் ஏழும் என்று பிரிக்கலாம், ஒன்றும் ஒன்பதும் என்றும் பிரிக்கலாம், எல்லாமே சரியான விடை. பத்தை இரண்டால் வகு என்றால் ஐந்து மட்டும்தான். "ஆக" வந்தால் எத்தனை துண்டு என்று சொல்கிறோம், "ஆல்" வந்தால் எந்த அளவை வைத்து என்று சொல்கிறோம். கணக்குக் கேள்வியில் இந்த ஒரு உருபைக் கவனிக்காமல் விடையைத் தவறவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை.

வகுத்தலில் வரும் மற்ற சொற்களையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். 17-ஐ 5-ஆல் வகுத்தால் 17 வகுபடும் எண், 5 வகுக்கும் எண், 3 ஈவு, 2 மீதி. ஈவு என்பது ஈதல், அதாவது கொடுத்தல் என்பதிலிருந்து வந்தது. பதினேழு மாம்பழத்தை ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் ஈந்தது மூன்று, கூடையில் மீந்தது இரண்டு. நிறுவனம் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுப்பதை ஈவுத்தொகை என்கிறோமே, அதுவும் இதே ஈவுதான்.

பகா எண் என்பதில் உள்ள "பகா" என்ன? "பகுக்காத எண்" என்றுதானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள், பதில் சொல்வதற்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரி என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. தானாகப் பிரிந்தால் பிரிந்தது, நாம் செய்தால் பிரித்தது. பகுவுக்கும் முன்பு அதே போல இரண்டு முகம் இருந்தது. பகுதல் என்றால் தானே பிளவுபடுதல், பகுத்தல் என்றால் நாம் அதைச் செய்தல். அகநானூற்றில் "பகுவாய் வராஅல்" என்று வரும். வாய் பிளந்த வரால் மீன். யாரும் அதன் வாயைப் பிளக்கவில்லை, அதன் வாயே அப்படி. இன்றைக்குப் பகுத்தல் மட்டும் மிஞ்சி, தானே பகும் பகுதல் வழக்கிலிருந்து போய்விட்டது. போனாலும் சில சொற்களில் உறைந்து நிற்கிறது: பகா எண், பகாப்பதம், பகுபதம். பகா எண் என்றால் பகாத எண், தான் பகுபடாமல் நிற்கிற எண். யாரோ பகுக்காமல் விட்டுவைத்த எண் என்று பொருள் வராது. அது அந்த எண்ணின் குணம்.

13-ஐ ஒன்றாலும் பதின்மூன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அது பகா எண். 12 பகு எண். 91-ஐப் பார்த்தால் பகா எண் போலத் தோன்றும், ஆனால் அது 7 பெருக்கல் 13. ஒன்று மட்டும் பகு எண்ணும் இல்லை, பகா எண்ணும் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் பகா எண்ணை முதன்மை எண் என்கிறார்கள். எனக்கு என்னவோ பகா எண் என்ற பெயர்தான் சொல்லும்போதே விளங்குகிறது.

பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி. மாறிமாறி மறந்துபோகிறது. நினைவில் வைக்க வழி?

முக்கால் பங்கு தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். தோசையை நான்காகப் பகுத்தீர்கள், அந்த நான்கு பகுதி. அதில் மூன்றைத் தட்டில் தொகுத்தீர்கள், அந்த மூன்று தொகுதி. பகுக்காமல் தொகுக்க முடியாது, அதனால் அடியில் நிற்பது பகுதி. அவ்வளவுதான்.

பகுபத உறுப்பிலக்கணம் எதற்கு? தேர்வுக்கு மட்டும்தானா?

தேர்வுக்கு மட்டும் என்று நினைத்துப் படித்தால் அது பெரிய சுமைதான். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் சொல்லை இரண்டாக வைக்கிறார்: பகுக்கக் கூடியது பகுபதம், அதற்கு மேல் பகாதது பகாப்பதம். பகுபதத்துக்குள் இருக்கக் கூடிய உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். எல்லாச் சொல்லிலும் ஆறும் இருக்காது.

நம் சொல்லையே எடுத்துப் பார்ப்போம். பகுத்தான் = பகு + த் + த் + ஆன். பகு என்பது பகுதி. முதல் த் சந்தி, இரண்டாவது த் இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ஆன் என்பது ஆண்பால் வினைமுற்று விகுதி. ஒரு சொல்லுக்குள் என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் செய்தார் என்று மூன்று செய்தி இருக்கிறது, அந்த ஆன் விகுதியை ஆள் என்று மாற்றினால் பகுத்தாள், ப்ப் போட்டால் பகுப்பான். தமிழை வெளியிலிருந்து கற்க வருகிறவர்களுக்கு இதைக் காட்டினால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம், ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் இருபது சொல் சும்மா கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

இலக்கணத்தில் வரும் பகுதியும் "எங்கள் பகுதி" என்பதில் வரும் பகுதியும் ஒரே சொல்லா?

எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. ஊரின் பகுதி, பின்னத்தின் பகுதி எல்லாம் பகு என்பதிலிருந்து வந்தவை. பகுபதத்தின் பகுதியை வடமொழியின் பிரகிருதி என்பதன் தமிழ் வடிவமாகத் தமிழ் அகராதி தனியே காட்டுகிறது. விகுதிக்கு மூலம் விக்ருதி. இயல்பாக இருப்பது, அதிலிருந்து மாறுவது என்று பொருள். இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்துவிட்டதால் பகு, பகுதி, பகுபதம் எல்லாம் ஒரே குடும்பம் போலத் தெரிகின்றன. தெரியாமல் படித்தாலும் குழப்பம் வராது, தெரிந்துகொண்டால் நல்லது.

பகல் என்பதற்கும் பகுவுக்கும் உறவு உண்டா?

பகல் என்றால் நமக்கு வெளிச்சமான நேரம் மட்டும்தான். பழைய தமிழில் பகல் என்றால் பிரிவு, நடு என்ற பொருள்களும் உண்டு. திருக்குறளில் இகல், அதாவது பகை உணர்வு பற்றிய அதிகாரத்தின் முதல் குறள்:

இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும்
பண்பின்மை பாரிக்கும் நோய்

இங்கே பகல் என்பதை வெளிச்சம் என்று எடுத்தால் குறளே புரியாது. ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் விலகி நிற்பதுதான் இந்தப் பகல், அந்தத் தீய குணத்தை வளர்க்கிற நோய் இகல் என்கிறார்.

நடு என்ற பொருளுக்குப் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி "நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்" என்று சொல்கிறது. நுகத்தடியின் சரியான நடுவில் அடித்திருக்கும் ஆணிக்குப் பகலாணி என்று பெயர். அது ஒரு பக்கம் தள்ளி இருந்தால் ஒரு மாட்டுக்குச் சுமை கூடும், இன்னொரு மாட்டுக்குக் குறையும். வாங்கும்போது கூடுதலாக எடுக்காமல், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமல் நின்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ஏர் பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

பாதி, பால், பாத்தூண் எல்லாம் பகுவிலிருந்து வந்தவையா?

பாத்தூண் என்பதில் சந்தேகமே வேண்டாம். பகுத்து என்பது சுருங்கிப் பாத்து ஆகும், பாத்து + ஊண் = பாத்தூண், பகுத்து உண்ணும் உணவு. நடுவில் உள்ள ககரம் கரைந்து முன்னெழுத்து நீள்வது தமிழில் பழக்கமான ஒன்று, பெருமகன் பெருமான் ஆனதும் கோமகன் கோமான் ஆனதும் இப்படித்தான். பகுதி பாதி ஆனதையும் பகல் பால் ஆனதையும் இதே வழியில் விளக்குவார்கள். பால் என்றால் பிரிவு, பக்கம். ஆண்பால், பெண்பால், அறத்துப்பால், பொருட்பால் எல்லாவற்றிலும் அந்தப் பால்தான். குடிக்கும் பாலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஈகை அதிகாரத்தில் வருகிறது: "பாத்தூண் மரீஇ யவனைப் பசியென்னும் தீப்பிணி தீண்டல் அரிது". பகுத்து உண்டு பழகியவனைப் பசி தொடாது. இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அது கொல்லாமை அதிகாரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை:

பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல் நூலோர்
தொகுத்தவற்றுள் எல்லாந் தலை

கொல்லாமல் இருப்பதைப் பற்றிப் பேசும்போது எதற்குச் சோற்றைப் பகுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். தன் கையில் உணவு இருக்க இன்னொரு உயிர் பசியால் சாவதும் ஒரு வகையில் கொலைதான் என்பதால் என்று இப்போது படுகிறது. அப்புறம், பகுத்து என்று தொடங்கி அடுத்த அடியைத் தொகுத்து என்று எடுக்கிறார் பாருங்கள். பின்னத்தில் கீழும் மேலும் இருக்கிற அதே ஜோடி.

ஒரே குறளில் பகுவும் பிரியும் வருமா?

வரும். "பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர் நகச்சொல்லி நட்பாடல் தேற்றா தவர்". புறங்கூறுவதைப் பற்றியது. பக என்பது பழைய தன்வினை, உறவு விரிசல் விடும்படி என்று பொருள். முதலில் விரிசல், அதன் பிறகு ஆட்கள் பிரிகிறார்கள். சிரித்துப் பேசி நட்பு கொள்ளத் தெரியாதவர்கள் உறவு உடையப் பேசி உள்ள சொந்தத்தையும் பிரித்துவிடுவார்கள் என்கிறது.

"அவளைப் பிரிந்தான்" சரியா? "அவளிடமிருந்து பிரிந்தான்" சரியா?

இரண்டும் சரி. பிரிந்தான் தன்வினையாக இருந்தாலும் ஐ உருபை ஏற்கும். ஆனால் எழுத்தைப் பாருங்கள், அவளைப் பிரிந்தான் என்றால் தான் விலகிப் போனான். அவளைப் பிரித்தான் என்றால் அவளை வேறு யாரிடமிருந்தோ விலக்கினான். ஒரு ந் இருந்த இடத்தில் த் வந்தால் கதையே மாறிவிடும். சங்கப் பாட்டில் பாலைத் திணைக்கு உரிய பொருள் பிரிதல், திருக்குறளில் பிரிவாற்றாமை என்று ஒரு அதிகாரமே உண்டு. இரண்டிலும் மனிதர் மனிதரைப் பிரிவதுதான், அங்கே பகு வராது.

பிரிக்கு இன்னும் எத்தனையோ வேலை. பொட்டலத்தைப் பிரிக்கிறோம், கூரையைப் பிரிக்கிறோம், சண்டையைப் பிரித்து விடுகிறோம், கல்யாணம் முடிந்து சில நாள் கழித்துத் தாலி பிரித்துக் கோர்க்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்க்க முடியும் என்பதைக் கவனியுங்கள். ஓடு பிரித்த வீட்டை மறுபடி வேயலாம். பிளந்த விறகை ஒட்ட முடியாது.

வகுப்பு, வகை, வகிடு இவற்றுக்கும் வகுத்தலுக்கும் உறவு இருக்கிறதா?

இருக்கிறது. தலைமுடியில் கோடு போட்டு இரண்டு பக்கமும் ஒதுக்குவது வகிடு. வயதைப் பார்த்து, படிப்பைப் பார்த்து ஒதுக்கி உட்கார வைப்பது வகுப்பு. தென்மாவட்டங்களில் கோபத்தில் "வகுந்துருவேன்" என்பார்களே, அதுவும் கத்தியால் கோடு இழுப்பதுதான். கோடும் முறையும் இருந்தால் வகு. அதனால்தான் திட்டம் வகுத்தார், சட்டம் வகுத்தார், வியூகம் வகுத்தார் என்கிறோம். "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்" வல்லது அரசு என்று குறள் சொல்வதும், சேர்த்த பணத்தை இதற்கு இவ்வளவு என்று முறையாக ஒதுக்குவதைத்தான். 1921-ல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புவாரி அரசாணையில் உள்ள வகுப்பு, சமூகப் பிரிவு என்ற பொருளில் வந்தது. பள்ளி வகுப்பு என்று நினைத்துப் படித்தால் அந்தக் காலச் செய்தித்தாள் புரியாது.

பங்கு, பாகம், கூறு?

பங்கு ஆளோடு ஒட்டியது. பங்கு என்றால் அது யாருடைய பங்கு என்ற கேள்வி கூடவே வரும். பங்கில் உரிமை உள்ளவர் பங்காளி. அப்பா வழி உறவுக்கு அந்தப் பெயர் வந்தது சொத்தில் பங்கு இருந்ததால். கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள், அதற்குப் பொறுப்பான குரு பங்குத்தந்தை. பாகம் வடமொழி வழி வந்தது, புத்தகத்தின் முதல் பாகம், இயந்திரத்தின் பாகம்.

சொத்தைப் பிரிக்கும்போது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறோம். இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது, அன்றைக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல் வந்தது. "எங்க அக்கா தங்கச்சி பங்காளி இல்லையே" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி அவர்களும் பங்காளிகள்தான், சொல்லின் பொருளும் அதுதான்.

கூறு என்பது குவியலைச் சின்னச் சின்னதாக வைப்பது. சந்தையில் கத்தரிக்காயோ நெத்திலியோ கூறு போட்டு விற்பார்கள், எடைக்கல் கிடையாது. எங்கள் ஊரில் தீபாவளி விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஆடு எடுத்துப் பங்குக்கறி போடுவார்கள். தரையில் வாழையிலை வரிசையாகக் கிடக்கும். முதலில் ஒவ்வொரு இலையிலும் தொடைக்கறி, அடுத்த சுற்றில் எலும்பு, அடுத்து ஈரல், கடைசியில் கொழுப்பு என்று ஒரு பெரியவர் குனிந்துகொண்டே வைத்துக்கொண்டு போவார், குறைந்ததுபோலத் தெரிந்த இலைக்கு ஒரு துண்டு கூடப் போவதும் உண்டு. எல்லாம் முடிந்ததும் ஒரு பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார், அவன் பார்க்காமலே ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். அந்தப் பையனாக நானும் நின்றிருக்கிறேன். கூறு போட்டவர் வேறு, யாருக்கு என்று சொன்னவன் வேறு, அதனால் ஒரு வருடமும் சண்டை வந்ததில்லை.

பகுத்தறிவு என்றால் கடவுள் மறுப்பா?

சொல்லின் பொருள் அது இல்லை. இது நல்லது, இது கெட்டது, இது உண்மை, இது பொய் என்று பகுத்து அறிவதுதான் பகுத்தறிவு. தொல்காப்பிய மரபியல் "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என்று மனிதனுக்குச் சொல்லும் ஆறாவது அறிவுக்கு நாம் இப்போது வைத்திருக்கும் பெயர். பெரியார் 1934-ல் இந்தப் பெயரிலேயே ஒரு இதழ் நடத்தினார், அவருடைய இயக்கத்தால் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு போனது, அதனால் அந்தப் பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டது.

இணையத்தில் எழுதும்போது சொல்லை எங்கே பிரிப்பது?

ஒரு சோதனை செய்யுங்கள், பிரித்தபின் ஒவ்வொரு துண்டும் அதே பொருளில் தனியாக நிற்குமா என்று பாருங்கள். "வர வில்லை" என்று பிரித்து எழுதுகிறார்கள். வில்லை என்றால் கண்ணாடி வில்லை. வரவில்லை என்பது வர + இல்லை, நடுவில் உள்ள வ் உடம்படுமெய், அதைத் தூக்கி அடுத்த சொல்லின் தலையில் வைக்கக் கூடாது. "பார்த்துவிட்டேன்" என்றால் பார்த்து முடித்தாயிற்று. "பார்த்து விட்டேன்" என்றால் பார்த்த பிறகு எதையோ விட்டேன். வேங்கை என்பது மரமோ புலியோ, பிரித்தால் வேம் + கை, வேகிற கை.

செய்யுளில் மட்டும் கதை வேறு. மேலே "தேற்றா தவர்" என்று எழுதினேன், அது தேற்றாதவர் என்ற ஒரே சொல். வெண்பாவில் இடைவெளி விடுவது சீருக்காக, சொல்லுக்காக இல்லை. ஓலைச்சுவடியில் இடைவெளியே கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டம்.

பகிர்ந்தேன் சரியா, பகிர்த்தேன் சரியா?

பகிர்ந்தேன்.

கோவைப் பக்கம் பேருந்து நிறுத்தப் பெயரெல்லாம் "பிரிவு" என்று முடிகிறதே, ஏன்?

தொப்பம்பட்டிப் பிரிவு, வெள்ளக்கிணறு பிரிவு என்று மேட்டுப்பாளையம் சாலையில் போனால் வரிசையாக வரும். பெரிய சாலையிலிருந்து அந்த ஊருக்குச் சாலை பிரியும் இடம், அதனால் பிரிவு. மதுரைக்குத் தெற்கே போனால் அதே மாதிரி இடத்துக்கு விலக்கு என்று பெயர், ஊர்ப் பெயரோடு விலக்கு சேர்த்துச் சொன்னால் நடத்துநர் சரியாக இறக்கி விடுவார். வடக்கே செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கம் வாருங்கள், படாளம் கூட்டுரோடு. கொங்குக்காரருக்குச் சாலை பிரிகிற இடம், இவர்களுக்குச் சாலை கூடுகிற இடம். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி முச்சந்திதான், ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, நிழலுக்கு ஒரு புளியமரம்.